டிரேப்பர் காஃப்மன்: அமெரிக்கக் கடற்படையின் முதல் நீரடித் தகர்ப்பு வீரர்

டிரேப்பர் லாரன்ஸ் காஃப்மன் (ஆகஸ்ட் 4, 1911 – ஆகஸ்ட் 18, 1979) அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அந்தக் கடற்படையில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பள்ளியையும், எதிரியின் கரையோரத் தடைகளைக் கடலுக்குள்ளிருந்தே தகர்க்கும் வீரர்களுக்கான முதல் பயிற்சி நிலையத்தையும் தொடங்கியவர். இன்று 'சீல்' என்ற பெயரில் உலகம் அறிந்த சிறப்புப் படையின் வேர், இவர் 1943இல் புளோரிடா மாநிலக் கடற்கரையில் அமைத்த அந்தப் பயிற்சி நிலையத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இருமுறை 'நேவி கிராஸ்' விருது பெற்றார்.

நீரடித் தகர்ப்பு வீரர் என்றதும் முதுகில் காற்று உருளை, வாயில் குழாய், ஆழ்கடலில் கத்திச் சண்டை என்று ஒரு படம் மனத்தில் எழும். 1951இல் வெளிவந்த 'தி ஃப்ராக்மென்' போன்ற ஆலிவுட் படங்கள் பரப்பிய தோற்றம் அது. காஃப்மன் காலத்து வீரர்களின் வேலை வேறு மாதிரியானது. அரைக்கால் சட்டை, முகக் கண்ணாடி, கையில் ஒரு பென்சில், நீர் படாத ஒரு பலகை, ஒரு சுருள் நூல் ஆகியவற்றுடன் அவர்கள் எதிரியின் கரையை நோக்கி நீந்தினார்கள். தண்ணீர் எத்தனை அடி ஆழம் என்று அளந்து எழுதிக்கொண்டு திரும்பினார்கள். வெடி வைப்பது அடுத்த கட்டம். அந்த அளவு தெரியாமல் போனதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால்தான் இவரது பணியின் அருமை விளங்கும்.

இளமையும் மறுக்கப்பட்ட பதவியும்

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் காஃப்மன் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் காஃப்மன் கடற்படை அதிகாரி. பின்னாளில் வைஸ் அட்மிரலாக உயர்ந்தவர். மகனும் அதே வழியில் அன்னாபோலிசில் உள்ள கடற்படைக் கல்விக் கழகத்தில் சேர்ந்து 1933இல் பட்டம் பெற்றார். ஆனால் கண்பார்வை போதாது என்று கூறி, பட்டத்துக்குப் பின் கிடைக்க வேண்டிய அதிகாரிப் பதவியைக் கடற்படை அவருக்குத் தரவில்லை. நான்கு ஆண்டுகள் படித்து முடித்த பிறகு வந்த மறுப்பு இது. அவர் நியூயார்க்கில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காஃப்மன் வேலையை விட்டுவிட்டு, அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் படையில் ஓட்டுநராகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிவரும் வேலை. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தபோது செருமானியர்களிடம் சிறைப்பட்டார். நடுநிலை நாட்டுக் குடிமகன் என்பதால் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். பிரான்ஸ் அரசு இவருக்குக் 'குவா த கேர்' விருதளித்தது.

விடுதலையானவர் பிரிட்டனுக்குப் போய், அந்நாட்டுக் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சப்-லெப்டினன்டாகச் சேர்ந்துகொண்டார். சொந்த நாட்டுக் கடற்படை கண்ணைக் காரணம் காட்டித் தள்ளியவரை அயல்நாட்டுக் கடற்படை ஏற்றுக்கொண்டது. அங்கு அவர் ஏற்ற வேலையோ கண்ணும் கையும் ஒருசேரக் கூர்மையாக இருக்க வேண்டிய வேலை.

வெடிக்காத குண்டுகள்

1940இன் இறுதி மாதங்களில் செருமானிய விமானங்கள் பிரிட்டன் நகரங்கள்மீது இரவோடிரவாகக் குண்டு வீசின. விழுந்தவற்றில் ஒரு பகுதி வெடிக்காமல் கிடந்தது. சில பழுதானவை, சில வேண்டுமென்றே தாமதமாக வெடிக்கும்படி அமைக்கப்பட்டவை. வான்குடையில் கட்டி இறக்கப்பட்ட கடற்கண்ணிகள் இன்னும் ஆபத்தானவை. கடலில் போடவேண்டிய கண்ணிவெடியை ஊருக்குள் போட்டால் ஒரு தெருவே தரைமட்டமாகும். அப்படி விழுந்த கண்ணியின் உள்ளே ஒரு கடிகாரப் பொறி உண்டு. பாதியில் நின்றுபோன அந்தப் பொறி, தொடும்போது மீண்டும் ஓடத் தொடங்கினால், வெடிப்பதற்கு ஏறத்தாழ 17 விநாடிகளே இருக்கும். அதற்குள் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ ஓட வேண்டும்.

காஃப்மன் இந்த வேலையைத் தன் விருப்பமாகக் கேட்டுப் பெற்றார். 1941 சனவரித் தொடக்கத்தில் லிவர்பூல் நகரில் அவர் கையாண்ட கண்ணி ஒன்று இப்படித்தான் ஓடத் தொடங்கியது. அவர் ஓடினார், கண்ணி வெடித்து அவரைத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பினார்.

இந்தப் பணியில் அவர் கற்றுக்கொண்ட ஒரு வழக்கம் பின்னாளில் அவரது எல்லாப் பணிகளிலும் தெரிகிறது. குண்டருகே செல்பவர் தான் செய்யப்போகும் ஒவ்வோர் அசைவையும் தொலைவில் இருக்கும் துணையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். 'இப்போது இடப்பக்கத் திருகைத் திருப்பப் போகிறேன்' என்று சொல்வார், அவர் எழுதிக்கொள்வார். குண்டு வெடித்துவிட்டால், எந்த அசைவில் வெடித்தது என்ற செய்தியாவது அடுத்தவருக்குக் கிடைக்கும். ஓர் ஆளின் சாவுகூட மற்றோர் ஆளுக்குப் பாடமாக வேண்டும் என்ற கடுமையான ஏற்பாடு இது. எழுதி வைத்த குறிப்பு உயிர் காக்கும் என்பது இங்கே பேச்சுக்குச் சொல்லும் சொல் அன்று.

1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை அவரைத் தன் ரிசர்வ் பிரிவில் அதிகாரியாக எடுத்துக்கொண்டது. அந்நாட்டில் குண்டு செயலிழப்பு தெரிந்தவர்கள் அப்போது மிகமிகக் குறைவு. அடுத்த மாதம் 7ஆம் நாள் சப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. ஹவாய்க்கு விரைந்த காஃப்மன், ஸ்கோபீல்டு படைமுகாம் அருகே வெடிக்காமல் கிடந்த 500 பவுண்டு சப்பானியக் குண்டைச் செயலிழக்கச் செய்தார். சிதையாமல் கிடைத்ததால் அதைப் பிரித்து ஆராய முடிந்தது. இதற்காக அவருக்கு முதல் நேவி கிராஸ் வழங்கப்பட்டது.

1942 சனவரியில் வாசிங்டன் கடற்படைத் தளத்தில் குண்டு செயலிழப்புப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது அதே நகரில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழக வளாகத்துக்கு மாறியது.

ஃபோர்ட் பியர்ஸ்: 'நரக வாரம்'

1943இன் நடுப்பகுதியில் நேச நாடுகளின் முன் ஒரே கேள்வி நின்றது. செருமானியர் வசமிருந்த ஐரோப்பியக் கரையில் எப்படி இறங்குவது? கரையோர நீரில் எஃகுச் சட்டங்களையும் கான்கிரீட் கூம்புகளையும் முளைகளையும் நட்டு, அவற்றில் கண்ணிவெடிகளையும் கட்டியிருந்தார்கள். படகு அவற்றில் மோதினால் அடிப்பகுதி கிழியும், அல்லது வெடிக்கும். 1943 மே 6 அன்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் எர்னஸ்ட் கிங், இத்தகைய தடைகளைத் தகர்க்கும் ஆட்களைத் தயார்செய்யுமாறு ஆணையிட்டார். அப்போது காஃப்மனுக்குத் திருமணமாகிச் சில நாட்கள்தாம் ஆகியிருந்தன. தேனிலவிலிருந்து அழைத்து அவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் கடற்கரையில் பயிற்சி நிலையம் அமைந்தது. வெயிலும் கொசுவும் மணல்ஈயும் நிறைந்த இடம். தன் குண்டு செயலிழப்புப் பள்ளியிலிருந்தும், 'சீபீஸ்' எனப்படும் கடற்படைக் கட்டுமானப் பிரிவிலிருந்தும் தன்னார்வலர்களை அழைத்தார். கட்டுமானப் பிரிவினர் பலர் பொதுவாழ்வில் சுரங்கத்திலும் கல்குவாரியிலும் பாலம் கட்டுமிடங்களிலும் வெடி வைத்துப் பழகியவர்கள். பாறையில் எங்கே துளையிட்டால் எப்படிப் பிளக்கும் என்று கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள். ஓர் அதிகாரியும் ஐந்து வீரர்களுமாக ஆறு பேர் கொண்டது ஒரு பிரிவு. 'கடற்படைப் போர்த் தகர்ப்புப் பிரிவு' என்பது அதன் பெயர்.

அதே கடற்கரையில் 'ஸ்கவுட்ஸ் அண்ட் ரெய்டர்ஸ்' என்ற வேறொரு வேவுப் படைக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய எட்டு வார உடற்பயிற்சித் திட்டத்தை ஒரே வாரத்துக்குள் அடக்கிக் கொடுக்கும்படி காஃப்மன் அதன் பயிற்றுநர்களைக் கேட்டார். ரப்பர்ப் படகைத் தலைமேல் சுமந்து ஓடுவது, சேற்றில் ஊர்வது, இரவெல்லாம் அலையில் துடுப்பு வலிப்பது, உறக்கமில்லாத நிலையில் அருகே வெடிகள் வெடிக்கக் காத்திருப்பது என்று அந்த வாரம் போகும். முறைப்படி அதற்கு அறிமுக வாரம் என்று பெயர். வீரர்கள் வைத்த பெயர் 'நரக வாரம்'. வடிகட்டும் வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது அவர் எண்ணம். தாங்காதவர்கள் விலகினார்கள். அது குற்றமாகக் கருதப்படவில்லை.

இதில் குறிப்பிட வேண்டிய செய்தி, முதல் நரக வாரத்தில் காஃப்மனே ஒரு பயிற்சியாளராகக் கலந்துகொண்டார் என்பது. நிலையத் தலைவர், பார்வைக் குறைவு உள்ளவர், முப்பது வயது தாண்டியவர்; தன் கீழ் உள்ள பயிற்றுநர்கள் போட்ட சத்தத்துக்கெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து சேற்றில் புரண்டார். அதிகாரிக்கும் வீரனுக்கும் ஒரே பயிற்சி என்ற வழக்கம் அன்று தொடங்கியது. பள்ளியில் ஆசிரியர் செய்து காட்டாத உடற்பயிற்சியை மாணவர் எந்த அளவுக்குச் செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

அந்நிலையத்தில் எதிரித் தடைகளின் மாதிரிகளைக் கட்டி, வெடி வைத்துத் தகர்த்துப் பார்த்தார்கள். எஃகுச் சட்டத்தைத் தகர்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வெடியைக் கூடுதலாக வைத்தால் எஃகுத் துண்டுகள் சிதறிப் பறந்து கரையேறும் நம் வீரர்களையே கொல்லும். குறைத்தால் சட்டம் விழாது. கார்ல் ஹேகன்சன் என்ற அதிகாரி, நீண்ட கேன்வாஸ் பைகளில் வெடிமருந்தை நிரப்பிச் சட்டத்தின் மூட்டுகளைச் சுற்றிக் கட்டும் முறையை உருவாக்கினார். அந்தப் பைகள் அவர் பெயராலேயே வழங்கின. பைகளை வெடிக்கயிற்றால் இணைத்து ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்தால் தடை சிதறாமல் அப்படியே சாய்ந்து படுக்கும்.

தாராவா கற்பித்தது

ஃபோர்ட் பியர்சில் எல்லாரும் ஐரோப்பாவை நினைத்துப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கையில், பசிபிக் கடலில் வேறொரு பாடம் காத்திருந்தது. 1943 நவம்பர் 20 அன்று தாராவா பவளத்தீவில் உள்ள பெட்டியோ தீவில் அமெரிக்க மரீன் படை இறங்கியது. தீவைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு. தரையிறங்கு படகு அதைக் கடக்க ஏறத்தாழ நான்கடித் தண்ணீர் வேண்டும். அன்று கடல் அந்த அளவுக்கு ஏறவில்லை. கரைக்குப் பல நூறு கெஜம் முன்பே படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் இறங்கி, இடுப்பளவு நீரிலும் மார்பளவு நீரிலும் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, அந்தத் தொலைவை நடந்து கடந்தார்கள். 76 மணி நேரப் போரில் அமெரிக்கர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர்.

எல்லாச் சாவுக்கும் பவளப்பாறையே காரணம் என்று சொல்ல முடியாது. தீவின் அரண்களும் வலுவானவை. ஆயினும், பாறைமேல் எத்தனை அடித் தண்ணீர் நிற்கும் என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை இல்லாமல் படையை அனுப்பிவிட்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. தரையிறக்கப் படைகளின் தளபதி அட்மிரல் ரிச்மண்ட் கெல்லி டர்னர், இனி எந்தக் கரையையும் ஆட்களை அனுப்பி நேரில் பார்க்காமல் படை இறக்குவதில்லை என்று முடிவு செய்தார். ஹவாயில் 'நீரடித் தகர்ப்பு அணி' என்ற பெயரில் பெரிய அணிகள் உருவாயின. ஆறு பேர் பிரிவு போய், ஏறத்தாழ நூறு பேர் கொண்ட அணி வந்தது. ஃபோர்ட் பியர்சில் பயின்றவர்கள் அலையலையாக இவ்வணிகளில் சேர்ந்தார்கள்.

தொடக்கத்தில் யாரும் நீந்துவார்கள் என்று திட்டமிடவில்லை. தலைக்கவசம், பூட்சு, முழுச் சீருடை, இடுப்பில் காப்புக் கயிறு ஆகியவற்றுடன் ரப்பர்ப் படகிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் முறை. 1944 சனவரி 31 அன்று குவாஜலின் தீவருகே லூயிஸ் லூர்ஸ் என்ற இளம் அதிகாரியும் பில் ஆச்சிசன் என்ற துணையதிகாரியும் இதை மாற்றினார்கள். படகிலிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று கண்டதும், உள்ளே போட்டிருந்த நீச்சல் உடையோடு தண்ணீரில் குதித்துப் பாறைகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார்கள். அவர்கள் தந்த விவரம் டர்னருக்கு மிகவும் பயன்பட்டது. அதன்பின் நீச்சல் இவ்வணிகளின் அடிப்படையாகிவிட்டது. நேர்மையாகச் சொன்னால், நீந்தும் வழியைத் திறந்த பெருமை காஃப்மனுக்கு உரியதன்று. அதை ஒழுங்கான அளவை முறையாக்கிய பெருமையே அவருக்கு உரியது.

சைபான்: பட்டப்பகலில் நூல் பிடித்தல்

1944 ஏப்ரலில் காஃப்மன் பசிபிக் பகுதிக்கு மாற்றம் பெற்று, 5ஆம் எண் நீரடித் தகர்ப்பு அணியின் தலைவரானார். அடுத்த இலக்கு மரியானா தீவுக்கூட்டத்தின் சைபான். அதன் மேற்குக் கரையைச் சுற்றி அகலமான பவளத்திட்டு. அதற்கும் கரைக்கும் நடுவில் ஆழம் தெரியாத காயல். கரையில் பல்லாயிரம் சப்பானியர்.

வேவு பார்ப்பது பகலில் நடக்க வேண்டும் என்று டர்னர் சொன்னபோது காஃப்மன் திகைத்தார். எதிரியின் கரைக்கு யாராவது வெளிச்சத்தில் நீந்திப் போவார்களா என்பது அவர் கேள்வி. இருட்டில் அளக்க முடியாது, பார்க்கவும் முடியாது என்பது டர்னரின் வாதம். கப்பல்களின் பீரங்கிகள் நீச்சல்காரர்களின் தலைக்கு மேலாகக் கரையை இடைவிடாது சுட்டுக்கொண்டிருக்கும். எதிரி தலை தூக்க முடியாது என்று அவர் உறுதியளித்தார். தன் அணியில் பாதிப்பேர் திரும்பமாட்டார்கள் என்றே காஃப்மன் அஞ்சினார்.

அளக்கும் முறைக்கு அவர் கண்ட வழி எளிமையானது. மீன்பிடி நூல் பெரிய சுருள்களாக வாங்கப்பட்டது. 25 கெஜத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டிரண்டு பேராகப் போகும் நீச்சல்காரர்கள் நூலின் ஒரு முனையைப் பவளத்திட்டின் ஓரத்தில் கட்டிவிட்டுக் கரையை நோக்கி நீந்தவேண்டும். ஒரு முடிச்சு கையைக் கடக்கும்போதெல்லாம் நின்று ஆழம் பார்த்துப் பலகையில் பென்சிலால் எழுதவேண்டும். ஆழத்துக்கு அளவுகோல் அவர்களுடைய உடம்பே: பாதத்திலிருந்து மேலாக அடிக்கு ஒரு கறுப்புக் கோடு தீட்டிக்கொண்டார்கள். நின்று பார்த்தால் தண்ணீர் எந்தக் கோடுவரை என்று தெரியும். பள்ளங்கள், பாறைத் துருத்தல்கள், மனிதர் வைத்த தடைகள் எல்லாம் குறிப்பில் ஏறும். இரட்டையர் பலர் இணையான கோடுகளில் இவ்வாறு அளந்தால், அவற்றைச் சேர்த்துக் கரையின் முழு வரைபடம் தயாராகிவிடும். நில அளவையர் சங்கிலி பிடிக்கும் முறையைக் கடலுக்குள் கொண்டுபோனது போன்ற ஏற்பாடு.

உடையும் அதற்கேற்ப எளிமையானது. நீச்சல் அரைக்கால் சட்டை, பவளம் கிழிக்காதிருக்கக் கேன்வாஸ் காலணி, கையுறை, முழங்கால் பட்டை, முகக் கண்ணாடி, இடுப்பில் கத்தி. சுவாசக் கருவி கிடையாது. எதிரி சுடும்போது மூச்சை அடக்கி மூழ்குவார்கள். மூச்சு முட்டும்போது வேறோரிடத்தில் எழுவார்கள். தண்ணீருக்குள் சில அடி இறங்கிவிட்டால் தோட்டா வேகமிழந்துவிடும். இதனால் 'நிர்வாண வீரர்கள்' என்ற பெயர் இவர்களுக்கு வந்தது.

ஜூன் 14 காலை 5ஆம், 7ஆம் அணிகள் சைபான் கரையை நோக்கிப் போயின. சிறு படகுகள் திட்டின் ஓரமாக விரைந்து செல்ல, இரட்டையர் ஒவ்வொருவராகத் தண்ணீரில் விழுந்தார்கள். காஃப்மன் தானும் அவர்களுடன் சென்றார். காற்றடைத்த மெத்தை போன்ற மிதவையில் வானொலியோடு அதிகாரிகள் இயங்கினர். சப்பானியர் சிறுபீரங்கிகளாலும் துப்பாக்கிகளாலும் சுட்டார்கள். மரணம் நேர்ந்தது, ஆனால் அஞ்சியதில் ஒரு சிறு பங்கே. பெரும்பாலோர் பலகைகளில் எண்களோடு திரும்பினார்கள்.

அன்று மாலையே அந்த எண்கள் வரைபடமாகி, தரையிறங்கவிருந்த மரீன் படைக்குச் சென்றன. டாங்கிகளுக்கென முன்பு குறித்திருந்த பாதை சரிப்படாது என்று அளவுகள் காட்டின. காஃப்மன் வேறு பாதையைப் பரிந்துரைத்தார், அது ஏற்கப்பட்டது. தாராவாவில் ஏழு மாதங்களுக்கு முன் இல்லாமற்போன விவரம் இதுவே. மறுநாள் படை இறங்கியபின் நீரடி அணியினர் பவளத்திட்டில் வெடி வைத்துக் கப்பல்களுக்கு வழி வெட்டினார்கள்.

அதே மாதம், நார்மண்டியில்

சைபானில் காஃப்மன் நீந்தியதற்கு எட்டு நாட்களுக்கு முன், 1944 ஜூன் 6 அன்று, அவர் ஃபோர்ட் பியர்சில் பழக்கிய ஆட்கள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியிருந்தார்கள். ஒமாகா என்று பெயரிடப்பட்ட கரையில், தரைப்படைப் பொறியாளர்களோடு சேர்ந்து 50 கெஜ அகலமுள்ள 16 வழிகளைத் திறப்பது அவர்கள் வேலை. பசிபிக்கில் கிடைத்த ஒருநாள் அவகாசம் இங்கே இல்லை. அன்று அதிகாலை வற்றிய கடலில் இறங்கி, நீர் ஏறிவருவதற்குள், சுடும் எதிரியின் கண்முன்னே வெடிகளைக் கட்ட வேண்டும்.

கட்டிய வெடிகளைக் கொளுத்த முடியாமல் திண்டாடினார்கள். காலாட்படையினர் சூட்டிலிருந்து தப்ப அதே தடைகளின் மறைவில் பதுங்கியிருந்தார்கள். அவர்களை விரட்டாமல் வெடிக்கச் செய்தால் நம்மவரே சாவார்கள். இன்னோரிடத்தில், வெடிமருந்தோடு நின்ற ஓர் அணிமேல் எதிரியின் குண்டு விழுந்து அணியே அழிந்தது. திட்டமிட்ட வழிகளில் ஒரு பகுதியையே அன்று காலை திறக்க முடிந்தது. அந்த வழிகளில்தான் பின்னால் வந்த படகுகள் நுழைந்தன. ஒமாகாவில் இறங்கிய கடற்படைத் தகர்ப்பு வீரர் 175 பேரில் 31 பேர் மாண்டனர், 60 பேர் காயமுற்றனர். இரண்டில் ஒருவருக்கு மேல்.

இந்த இரு வாரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தகும். பயிற்சி ஒன்றே; ஆட்களின் துணிவும் ஒன்றே. சைபானில் முன்கூட்டியே அளக்க நேரமும், தலைக்கு மேல் நெருக்கமான பீரங்கிக் காப்பும் கிடைத்தன. ஒமாகாவில் இரண்டும் போதிய அளவில் கிடைக்கவில்லை. நரக வாரமே இவ்வீரர்களைக் காத்தது என்று எழுதுவோர் உண்டு. ஒமாகாவில் மாண்டவர்களும் அதே நரக வாரத்தைக் கடந்தவர்கள்தாம்.

தீனியன், ஐவோ ஜிமா, ஓகினாவா

சைபானுக்குத் தெற்கே கூப்பிடு தொலைவில் உள்ளது தீனியன் தீவு. இறங்குவதற்கு வசதியான அகலக் கரை ஊருக்கு எதிரே இருந்தது. சப்பானியரும் அங்கேதான் காத்திருந்தனர். வடமேற்கில் இருந்த இரண்டு சிறு கரைகளில் ஒன்று 60 கெஜமே அகலம். அவ்வளவு குறுகிய இடத்தில் பெரும்படை இறங்க முடியுமா என்று பார்க்க, ஜூலை 10 இரவு காஃப்மனின் அணியும் மரீன் வேவுப் படையும் நீந்தின. இம்முறை இரவிலேயே வேலை, ஏனென்றால் எந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது. நீரோட்டம் ஒரு குழுவை இழுத்துச் சென்றுவிட, மறுநாள் இரவு மீண்டும் போக வேண்டியிருந்தது. சிறு கரைகளே போதும் என்று விவரம் வந்தது. ஜூலை 24 அன்று படை அங்கே இறங்கியபோது எதிர்ப்பு குறைவாகவே இருந்தது. சைபான், தீனியன் பணிகளுக்காகக் காஃப்மனுக்கு இரண்டாம் நேவி கிராஸ் கிடைத்தது.

குவாம் தீவில் இறங்கிய மரீன் படையினருக்கு முன்பே அங்கு வேலை முடித்திருந்த நீரடி அணியினர், அவர்களை வரவேற்று ஒரு பலகையைக் கரையில் நட்டுவிட்டுப் போன செய்தி இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகிறது. அது காஃப்மனின் அணி அன்று.

இதன்பின் காஃப்மன் பசிபிக் பகுதி நீரடி அணிகள் அனைத்துக்குமான தலைமையகத்தில் பொறுப்பேற்று, ஐவோ ஜிமா, ஓகினாவா நடவடிக்கைகளில் பங்கெடுத்தார். ஐவோ ஜிமாவில் 1945 பிப்ரவரி 17 அன்று நீச்சல்காரர்கள் குளிர்ந்த நீரில் கரையை அளந்து, மணல் மாதிரியும் எடுத்துவந்தனர். இதையே முழுத் தரையிறக்கம் என்று எண்ணிய சப்பானியர், ஒளித்து வைத்திருந்த பெரும் பீரங்கிகளால் சுடத் தொடங்கினர். நீச்சல்காரர்களுக்குக் காவலாக நின்ற 12 சிறு பீரங்கிப் படகுகளும் அடிபட்டன. அவற்றில் இருந்த பலர் மாண்டனர். ஆனால் மறைந்திருந்த பீரங்கிகளின் இடம் வெளிப்பட்டுவிட்டது. மறுநாள் இரவு, ஓர் அணியை ஏற்றியிருந்த பிளெஸ்மன் என்ற கப்பல்மீது விமானக் குண்டு விழுந்தது. தண்ணீரில் பீரங்கிகளுக்கு நடுவே நீந்தித் தப்பிய வீரர்கள் பலர், கப்பலுக்குள் ஓய்ந்திருந்த நேரத்தில் மாண்டார்கள். உதவிக்கு நெருங்கிய கில்மர் கப்பலிலிருந்து காஃப்மன் அந்தக் கப்பலில் ஏறித் தீயணைப்பில் ஈடுபட்டார்.

ஓகினாவாவில் ஏறத்தாழ ஆயிரம் நீரடி வீரர்கள் இறங்கினர். கரையோர நீரில் வரிசை வரிசையாக நட்டிருந்த, மூவாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையிலான மரமுளைகளை வெடி வைத்து அகற்றினர்.

போருக்குப் பின்

1946இல் பிகினி பவளத்தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளில் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவில் காஃப்மன் பணியாற்றினார். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அளந்து எல்லை குறிக்கும் வேலை அதுவும். பின்னர் முழுநேரக் கடற்படை அதிகாரியாகத் தொடர்ந்து, கியரிங் என்ற நாசகாரிக் கப்பலுக்கும் எலினா என்ற கனரகக் குரூசருக்கும் தலைவராக இருந்தார். ரியர் அட்மிரல் ஆனார். 1965 முதல் 1968 வரை, முன்பு பட்டம் தந்து பதவி தர மறுத்த அன்னாபோலிஸ் கல்விக் கழகத்துக்கே கண்காணிப்பாளராக இருந்தார். பிலிப்பைன்சில் அமெரிக்கக் கடற்படைத் தலைமைப் பொறுப்பையும் வகித்து 1973இல் ஓய்வு பெற்றார்.

அவர் விலகிச் சென்றபின் நீரடி அணிகள் மாறின. போர் முடிந்ததும் பெரும்பாலான அணிகள் கலைக்கப்பட்டன. எஞ்சியவர்களுக்குக் கமாண்டர் பிரான்சிஸ் டக்ளஸ் ஃபேன் முயற்சியால் சுவாசக் கருவிகள் வந்தன. உண்மையில் நீருக்கடியில் நெடுநேரம் இருக்கும் திறன் அப்போதுதான் கிடைத்தது. 1962 சனவரியில் இவ்வணிகளிலிருந்து முதல் இரண்டு சீல் அணிகள் பிறந்தன. 1983இல் நீரடித் தகர்ப்பு அணி என்ற பெயர் மறைந்து, எல்லாம் சீல் படையோடு இணைந்தன. நரக வாரம் மட்டும் பெயர் மாறாமல் இன்றும் நடக்கிறது.

1979இல் அங்கேரிப் பயணத்தின்போது புடாபெஸ்ட் நகரில் காஃப்மன் இறந்தார். அன்னாபோலிஸ் கல்விக் கழகக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இவருடைய சகோதரி எலிசபெத் காஃப்மன் புஷ் எழுதிய வாழ்க்கை வரலாறு 2004இல் வெளிவந்தது. 1987இல் பணியில் சேர்ந்த காஃப்மன் என்ற போர்க்கப்பல், தந்தை, மகன் இருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கியது. ஃபோர்ட் பியர்சில் பயிற்சி நடந்த அதே கடற்கரையில் இப்போது நீரடித் தகர்ப்பு அணிகளுக்கும் சீல் படைக்குமான அருங்காட்சியகம் உள்ளது.